முனியாண்டியிடம் இரவல் வாங்கிய சேவல்

கடையில் விற்கிற முட்டைக்கு அப்பன் கிடையாது. உலகத்தில் பாதிப் பேர் இந்த உண்மை தெரியாமலே முட்டை சாப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்; அதனால் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோலாலம்பூரில் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்பன் உள்ள முட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. அதாவது சேவலோடு பழகிய கோழி இட்ட முட்டை. அடை வைத்தால் உள்ளே குஞ்சு உருவாகிற முட்டை.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வழக்கமாக முட்டை கொடுத்துவந்த பண்ணை திடீரென்று கையை விரித்துவிட்டது. என் ஆய்வை மேற்பார்த்த சீன அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீ தோட்டத்துப் பிள்ளைதானே, உங்கள் ஊரில் கோழி இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லாமல் என்ன? மலாக்காவில் செலண்டாருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மனிதர்களைவிடக் கோழிகள்தான் அதிகம். பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, இடையில் கோழிச்சீக்கு வந்து முக்கால்வாசிக் கோழிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. எஞ்சியவை சில பெட்டைகள். லயம் முழுவதற்கும் சேவல் ஒன்றே ஒன்று. அதுவும் தோட்டத்து முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

"படிக்க அனுப்புனா இது முட்டை பொறுக்கிட்டுத் திரியுது," என்று அம்மா அலுத்துக்கொண்டார். அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் புதிய ரத்தக்குழாய் முளைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சேதி வர வேண்டும். சேதியைக் கொண்டுவரும் புரதம், பழைய குழாயின் சுவரில் தனக்கென்று இருக்கிற இருக்கையில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் புதுக் கிளை கிளம்பும். அந்த இருக்கையை முன்கூட்டியே வேறொருவர் பிடித்துவிட்டால்? அதற்குத்தான் பெப்டைடு. புரதம் தேருக்குச் சாத்துகிற ஆளுயர மாலை என்றால், பெப்டைடு கொண்டையில் செருகுகிற துண்டுப் பூ. தீபாவளிக்கு முந்தின நாள் மலாக்கா பஸ்ஸில் சன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம்பிடிப்பார்களே, அந்த வேலையைத்தான் அது செய்ய வேண்டும். கைக்குட்டை சின்னதுதான். ஆனால் அது கிடக்கிற இடத்தில் எவ்வளவு பெரிய ஆளும் உட்கார முடியாது.

இதெல்லாம் காகிதத்தில். நிஜத்தில் கைக்குட்டை இருக்கையில் நிற்குமா, காற்றில் பறந்துவிடுமா என்று பார்க்கத்தான் முட்டை. அடை வைத்த முட்டைக்குள் சில நாளில் ஒரு மெல்லிய சவ்வு விரியும். அதில் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாக ஓடும். ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, பெப்டைடில் நனைத்த காகிதப் பொட்டு ஒன்றைச் சவ்வின் மேல் வைத்துவிட்டால், குழாய்கள் அதை நெருங்குகின்றனவா, ஒதுங்குகின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு வேலை கிடைக்குமா?" என்றார்.

சேவலின் சொந்தக்காரி பக்கத்து வீட்டு அத்தை. ரத்த உறவு ஒன்றும் இல்லை, சுவர் உறவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்; அங்கே தும்மினால் இங்கே 'நூறு வயசு' சொல்லுவோம். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, பால்மரம் வெட்டிக் காய்த்த கை, பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலை. பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். தேத்தண்ணீரில் இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "சத்தியமா சீனி போடலடி" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். பால் டின்னில் இருப்பது என்ன என்று கேட்டால், "அது பால்," என்பார்.

அந்த இனிப்பு நீர் இப்போது கண்ணுக்கு வந்திருந்தது. இடது கண்ணில் கறுப்பு நூல் மிதக்கிறது, நாளுக்கு நாள் மூடுபனி மாதிரி ஏறுகிறது என்றார். மலாக்கா பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு விவரமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணின் பின்பக்கத்துக்கு ரத்தம் போதவில்லை. அது பட்டினியில் புதுப்புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அந்தக் குழாய்கள் நோஞ்சான்கள், உடைந்து கசிகின்றன. லேசர் வைத்துச் சுட்டு அவற்றை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் போய்விடும். அத்தையின் காதில் விழுந்தது 'சுட்டு' என்ற ஒரு சொல்தான். "மாட்டுக்கு வைக்கிற மாதிரி கண்ணுக்குள்ள சூடு வைப்பானுங்களாம்லா!" என்று வீட்டுக்கு வந்தவர், திரும்ப அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நேரே முனியாண்டியிடம் போய், ஆடித் திருவிழாவில் சேவலைத் தருகிறேன், கண்ணைப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலித்த பிறகு காணிக்கை செலுத்துவதுதான் ஊர் வழக்கம். அத்தை முன்கூட்டியே கொடுத்துச் சாமியைக் கட்டிப்போடுகிற ரகம்.

என் முட்டையில் எதை நிறுத்தப் பார்த்தேனோ, அதுவேதான் அத்தையின் கண்ணில் வளர்ந்துகொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க அத்தை" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முட்டை கேட்டதற்கு மட்டும் உடனே சம்மதித்தார். "என் கோழி யூனிவர்சிட்டிக்குப் போகுதுலா!" என்று லயம் முழுக்கச் சொல்லி, முட்டைகளைச் சேர்த்து, பிஸ்கட் டின்னில் வைக்கோல் போட்டு அடுக்கி, அப்பாவிடம் கொடுத்து மலாக்கா பஸ் நிலையம்வரை அனுப்பிவைத்தார். ஆய்வுக்கூடத்தில் டின்னைத் திறந்தால் முட்டைகள் எல்லாம் பளபளவென்று மஞ்சளாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு. மேற்பார்வை அம்மையார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது என்ன, கல்யாணப் பெண்ணா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் வினை வந்தது. அடைப்பெட்டியில் வைத்த சில நாட்களில் எல்லா முட்டையும் நாறிப்போனது. ஒன்றில்கூட உயிர் இல்லை.

ஊருக்குப் போய், "அத்தை, முட்டைய என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணேன்? கழுவுனேன்."

"எதுல?"

"மஞ்சத் தண்ணில ஊறப்போட்டு, தேச்சுக் கழுவி, தொடச்சுப் பொட்டு வச்சேன். பின்ன, படிச்சவங்க இருக்கிற எடத்துக்குக் கோழிப் பீயோடயா அனுப்பச் சொல்ற? என் மானம் என்னாவுறது?"

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கோழி அவற்றின் மேல் ஒரு பூச்சைப் பூசித்தான் வெளியே அனுப்புகிறது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பூச்சும் போய்விடும், கிருமியும் உள்ளே போய்விடும். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது பார்க்கச் சகிக்கவில்லை. "மங்களமா இருக்கட்டும்னுதானே செஞ்சேன்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டேன். பொட்டைப் பார்த்து இளித்த நேரத்தில் மூளையை உபயோகித்திருக்கலாம்.

மறுபடி முட்டை வேண்டும். ஆனால் பெட்டைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் அடைக்கு உட்கார்ந்துவிட்டன. அவை எழுந்து, உடம்பு தேறி, திரும்ப முட்டையிட மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் ஆடித் திருவிழா வந்துவிடும். அப்பன் குழம்பில் கொதித்துக்கொண்டிருப்பான்.

"சேவல இந்த வருஷம் வெட்டாதீங்க அத்தை," என்றேன்.

"வாயக் கழுவு. அது சாமி சேவல்."

"சாமி கொஞ்ச நாள் பொறுக்க மாட்டாரா?"

"நீ பஸ்ஸுக்குப் பொறுப்பியா? அரை மணி லேட்டானா அந்த டிரைவர என்ன பேச்சு பேசுற! அவரு முனியாண்டிலா."

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். "சேவல வெட்டுனா கண்ணு தெரியும்னா ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் பதிலா கோழிக்கடைக்காரர உக்கார வச்சிருப்பாங்களே!" என்று கத்திவிட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய், நாக்க இழுத்து வச்சு அறுத்துடுவேன்!" என்று அம்மாவின் குரல் வந்தது. அத்தை தேத்தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்கப் போனார். மேசை விளிம்பு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. குவளை கீழே விழுந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தரையைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணில் நடப்பதையும் முட்டையில் நான் பார்க்கப்போவதையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சொன்னேன். இத்தனை நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"ரத்த நரம்ப வளரவிடாம நிறுத்துனா குஞ்சு செத்துடாது?"

"பொட்டு வச்ச எடத்துல மட்டும் நிக்கும் அத்தை. குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ பாத்தியா?"

"இன்னும் பாக்கல. அதுக்குத்தானே முட்டை கேக்குறேன்."

குவளையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி. நிறுத்தியும் குஞ்சு உசுரோட இருந்துச்சுன்னு என் கண்ணால காட்டு. நான் அந்தச் சூடு வைக்கிறதுக்கு வர்றேன். செத்துச்சுன்னா என் கண்ணப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது," என்றார். லேசர் வேறு, பெப்டைடு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அம்மா, "சரின்னு சொல்லுடி!" என்றார். சரி என்றேன்.

ஆனால் சேவல் அத்தையினுடையது அல்லவே, சாமியினுடையது. அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். பால்மரக்காட்டு ஓரத்தில் அரிவாளை ஓங்கிக்கொண்டு, விழிகளை உருட்டிக்கொண்டு முனியாண்டி உட்கார்ந்திருந்தார். அத்தை சூடம் கொளுத்தி, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் பேசுகிற அதே குரலில், "ஐயா, சேவல் உன்னோடதுதான், நான் இல்லைங்கல. இந்தப் புள்ளைக்குப் படிப்புக்கு வேணுமாம். இரவலா குடு. சம்மதம்னா பல்லி சொல்லட்டும்," என்றார்.

பல்லி சொல்லவில்லை. சூடம் அணைந்தது. கொசுக்கள் வந்து எங்களை மொய்த்தன. கூரையில் இரண்டு பல்லிகள் என் கண்ணெதிரே சும்மாதான் ஒட்டிக்கொண்டிருந்தன. நாமே நாக்கால் 'உச்சு' கொட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்; சாமியின் அரிவாளைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அத்தை அசையாமல் நின்றார். அப்போது லயத்துப் பக்கமிருந்து, நேரம் காலம் தெரியாமல், சேவல் நீளமாக ஒரு கூவல் கூவியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சம்பந்தப்பட்டவனே சொல்லிட்டான். வா, போலாம்."

திருவிழாவில் முனியாண்டிக்குச் சுருட்டும் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும் மட்டும் போயின. பூசாரி முறைத்தார். அத்தை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்டைகள் திரும்ப முட்டையிடத் தொடங்கியதும், அம்மா முதல் வேலையாக இரண்டு வீட்டு மஞ்சள் டப்பாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இந்தத் தடவை முட்டைகள் கோழி எச்சமும் வைக்கோல் துணுக்குமாக, அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி கோலாலம்பூர் வந்து சேர்ந்தன. அத்தனையும் உயிரோடு இருந்தன.

சன்னல் வெட்டி முதன்முதலாக உள்ளே பார்த்ததை என்னால் மறக்க முடியாது. கண்ணாடி மாதிரியான சவ்வில் சிவப்புக் கிளைகள் ஓடின; கிளையில் கிளை, அதில் இன்னொரு கிளை. வெறும் தண்ணீரில் நனைத்த பொட்டை வைத்த முட்டைகளில், குழாய்கள் அதை மதிக்காமல் ஏறி மிதித்துக்கொண்டு போயின. பெப்டைடு பொட்டு வைத்தவற்றில், அதைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம். வட்டத்தின் எல்லைவரை வந்த குழாய்கள் அங்கேயே வளைந்து ஒதுங்கியிருந்தன. எல்லா முட்டையிலும் அப்படி இல்லை, பெரும்பாலானவற்றில் இருந்தது. கைக்குட்டை நின்றுவிட்டது. நான் துள்ளிக் குதித்ததில் பக்கத்து மேசைக்காரன் சோதனைக் குழாயைக் கீழே போட்டான்.

ஆய்வு முடிந்தது, என் வேலை முடியவில்லை. என் கண்ணால் காட்டு என்று அத்தை சொல்லியிருந்தார். படமெடுத்துக் காட்டினால் படம் துடிக்காது. ஒரு முட்டையைத்தான் கொண்டுபோக வேண்டும். அம்மையாரிடம் கேட்டேன். "ஒன்று எடுத்துக்கொள். செத்தால் என்னிடம் வந்து அழாதே," என்றார்.

தூக்குச்சட்டியில் பழைய துணி, இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் போத்தல், நடுவில் முட்டை. மலாக்கா எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் குளிர்சாதனம் எலும்பைக் கடித்தது. தூக்குச்சட்டியை என் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், "என்னம்மா, கோழிக்கறியா?" என்று ஆவலாகக் கேட்டார். "இன்னும் இல்லீங்க அங்கிள்," என்றேன். மலாக்காவில் ஒரு காப்பிக்கடையில் சுடுதண்ணீர் மாற்றி, செலண்டார் பஸ் ஏறி இறங்கினால், அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். குழி, மேடு என்று பாராமல் பறக்கிற மனுஷன், அன்று ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

அத்தை வீட்டில் சன்னலைச் சாத்தினோம். அம்மா டார்ச் லைட்டைப் பிடித்தார். ஓட்டில் ஒட்டியிருந்த டேப்பை மெதுவாக உரித்தேன். சிவப்புக் கிளைகள் தெரிந்தன, பொட்டு தெரிந்தது, அதைச் சுற்றி வெறும் வட்டம் தெரிந்தது. எதுவும் அசையவில்லை. போத்தல்கள் எப்போது ஆறினவோ தெரியவில்லை. ஒரு குஞ்சோடு சேர்த்து அத்தையின் கண்ணையும் பஸ்ஸில் சாகவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா எழுந்து போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து போத்தலில் நிரப்பினார். மூன்று பேரும் காத்திருந்தோம்.

அத்தைதான் முதலில் பார்த்தார். நல்ல கண்ணை ஓட்டுக்குள் விட்டுவிடுகிற மாதிரி குனிந்திருந்தவர், "துடிக்குது," என்றார். "ஏய், துடிக்குதுடி!" நானும் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் கடுகளவு சிவப்பு, விட்டு விட்டு, பிடிவாதமாகத் துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

"இது வெளிய வருமா?" என்று கேட்டார் அத்தை.

பொய் சொல்லியிருக்கலாம். "வராது அத்தை. ஓட்டுல ஓட்டை போட்டாச்சு."

"அது ஓட்டையால. மருந்தால இல்லையே?"

"மருந்தால இல்ல."

நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைக்குப் போகணும்?"

லேசருக்குப் பல தடவை போனோம். முதல் நாள் மருத்துவமனை வரிசையில், தன்னுடைய கண்ணை ஏற்கெனவே ஒரு கோழிக்குஞ்சில் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று பக்கத்திலிருந்த மலாய்க்கார மாதுவிடம் அத்தை கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டேன். கடைசியில் டாக்டர் சொன்னது இது: போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை இனி நிற்கும்.

என் பெப்டைடு ஆய்வேட்டைத் தாண்டி ஓர் அடி நடக்கவில்லை. இதே எண்ணத்தில் பிறந்த வேறு மருந்துகளை, பல வருடம் கழித்து, ஊசியாகக் கண்ணுக்குள்ளேயே போடத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பொறாமையும் சந்தோஷமும் சம அளவில் இருந்தன.

அடுத்த ஆடி வந்தபோது, இரவல் சேவலைத் திருப்பிக் கேட்டுப் பூசாரியே வந்துவிட்டார். அத்தை அவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் விடுமுறையில் வந்திருந்தேன், கூடவே போனேன். "ஐயா," என்றார் அத்தை அதே ஆபீஸ் குரலில், "போனத நீ திருப்பித் தரல. இருக்கிறத இருக்கட்டும்னு விட்டுட்ட. நானும் அப்படியே செய்யறேன். சேவல் இருக்கட்டும்." பூசாரி சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சுருட்டு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

அந்தச் சேவல் கிழடாகும்வரை வேலியில் உட்கார்ந்து எல்லோர் தூக்கத்தையும் கெடுத்தது. ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், "கண்ணு எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்பேன். நேராகப் பதில் சொல்லமாட்டார். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கெட்ட கண்ணால் வேலிப் பக்கம் திரும்பிச் சேவலின் கொண்டையைத் தேடுவார். கொஞ்ச நேரம் ஆகும்.

"செவப்பாத்தான் இருக்கான்," என்பார். பிறகு அதே கண்ணை என் பக்கம் திருப்பி, மேலும் கீழும் பார்த்து, "நீதான்டி எளைச்சுப் போயிட்ட. அந்த ஊருல சோறு போடுறாங்களா, இல்லையா?"